அட்டவணையில் விடுபட்ட வீடு
(இரணைமடுவில் எமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணினியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். வயலும் வாய்க்காலுமே பேச்சாயுள்ள இவ்வூரில் அதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். ஆயினும் நாம் வாய்க்கால் வரம்பை விட்டு அதிக தூரம் போகப் போவதில்லை.

கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய குளம் நமது குளம். அதிலிருந்து இடதுகரை, வலதுகரை என இரண்டு பெருவாய்க்கால்கள் புறப்படுகின்றன. ஒவ்வொரு பெருவாய்க்காலிலும் பல கிளைவாய்க்கால்கள். ஒவ்வொரு கிளையிலும் வயல்வாய்க்கால்கள். அவற்றின் ஓரத்திலே காணிகள். ஒருவர் எல்லாக் காணிகளையும் ஒன்றும் விடாமல் பார்த்துவர வேண்டுமென்றால் எப்படி நடப்பார்? முதற் கிளையில் இறங்குவார். அதன் முதல் வயல்வாய்க்காலில் உள்ள காணிகளை முடிப்பார். அடுத்த வயல்வாய்க்காலுக்குப் போவார். கிளை முடிந்தபின்னரே மறு கிளைக்கு ஏறுவார். கணினி செய்வதும் இதுவே. வரிசையாக வைத்த விபரங்களை அங்கே அணி என்கிறார்கள். அணியின் ஒவ்வோர் உறுப்பும் இன்னோர் அணியாக இருந்தால் அது அணிக்குள் அணி. ஓர் அணியை முதலிலிருந்து கடைசிவரை நடந்து முடிப்பது ஒரு சுற்று. அணிக்குள் அணி என்றால் சுற்றுக்குள் சுற்று வேண்டும்.

வார்ப்புரு என்பது இன்னொரு சொல். கலியாண அழைப்பிதழை அச்சடிக்கும்போது பெயருக்கு மட்டும் இடம் விட்டு மற்றதையெல்லாம் அடித்து வைப்பார்கள் அல்லவா? அதுபோல, வலைப்பக்கத்தின் உருவத்தை எழுதி, விபரம் வரவேண்டிய இடங்களை வெறுமையாக விட்டு வைப்பது வார்ப்புரு. நாம் பயன்படுத்தியது ஜாங்கோ என்னும் மென்பொருளின் வார்ப்புரு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லோரன்ஸ் என்ற பட்டினத்துப் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் பிறந்து, 2005 இல் உலகுக்கு இலவசமாக வெளியிடப்பட்டது அது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிற்றார் வித்துவானின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர் அவசரத்துக்குச் செய்த சாமான் நமது அவசரத்துக்கும் உதவியது.

அந்த அவசரம் எதுவென்று உங்களுக்கு நினைவிருக்கும். 2018 டிசம்பரிலே பெருமழை பெய்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனையோ ஊர்கள் நீரில் நின்றன. சனங்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்கினார்கள். வெளிநாட்டில் உள்ள நமது உறவினர் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு ஒரு பொதி உலர் உணவும், படிக்கும் பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் கொடுப்பதென்று வாலிபர்கள் தீர்மானித்தோம். வீடு வீடாக, முகாம் முகாமாகப் போய்ப் பெயர் எழுதினோம். எழுதியதைக் கணினியில் ஏற்றினோம். ஊர்கள் ஓர் அணி, ஊருக்குள் குடும்பங்கள், குடும்பத்துக்குள் பிள்ளைகள். வார்ப்புருவிலே நாம் எழுதியதைத் தமிழிற் சொன்னால் இவ்வளவுதான்:

ஒவ்வோர் ஊருக்கும்,
அவ்வூரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும்,
அக்குடும்பத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும்,
ஒரு நிரை எழுதுக.

குடும்பத் தலைவரின் பெயரைப் பிள்ளைக்குப் பிள்ளை திருப்பி எழுதுவது அழகில்லை என்று, முதற் பிள்ளையின் நிரையில் மட்டும் ஒருமுறை எழுதி, அந்தக் கட்டத்தை மற்றப் பிள்ளைகளின் நிரைகள்வரை கீழே நீட்டினோம். இதற்கு ரோஸ்பான் என்று பெயர். மூன்று பிள்ளைகள் என்றால் ரோஸ்பான் மூன்று. பொதி கொடுத்தோமா என்று அடையாளமிடும் கட்டமும் அப்படியே. திரையில் வந்த அட்டவணையைப் பார்த்து நாம் பெருமைப்பட்டோம் என்பதை மறைக்கவில்லை.

பொதிகளைக் கொப்பியில் எழுதிய வீட்டுக் கணக்கின்படி கட்டியிருந்தோம். கொடுத்ததோ அட்டவணையைப் பார்த்து. பின்னேரம் சில பொதிகள் மிஞ்சின. மிச்சம் பிடித்துவிட்டோம் என்று எங்களுள் ஒருவர் சந்தோஷப்பட்டார். எமது தனாதிகாரி ஐயா மட்டும், “தம்பி, சாமான் மிஞ்சினால் ஆரோ விடுபட்டிட்டினம் எண்டு அர்த்தம்” என்றார். அப்பொழுதே படலையடியில் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே நின்றாராம். பெயர் கூப்பிடுவார்கள் என்று பார்த்திருந்தாராம்.

அவருடைய பெயர் கொப்பியில் இருந்தது, கணினியிலும் இருந்தது, அட்டவணையில் மாத்திரம் இல்லை. காரணத்தைக் கண்டபோது நமக்கு நா எழவில்லை. நாம் நிரை எழுதச் சொன்னது பிள்ளைகளின் சுற்றுக்குள்ளே. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த அணி வெறுமை. வெறும் அணியில் சுற்று ஒருமுறையும் ஓடாது. ஓடாவிட்டால் நிரை இல்லை. நிரை இல்லாவிட்டால் அதில் வரவேண்டிய குடும்பத் தலைவரின் பெயரும் இல்லை. கணினி பிழை என்று ஒரு சத்தமும் போடாது. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அன்பர்களே, வன்னியிலே பிள்ளை இல்லாத வீடு என்றால் என்ன வீடு? 2009 இற்குப் பின் அதை விளக்க வேண்டியதில்லை. அம்மூதாட்டியின் இரண்டு ஆண்மக்களும் இன்று இல்லை. யாருக்கு முதலிற் கொடுக்க வேண்டுமோ, அவர்களையே பார்த்துப் பொறுக்கி எடுத்ததுபோல் எமது அட்டவணை விட்டிருந்தது.

பொதியைக் கையிற் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். மற்றையோரை இரவோடிரவாகத் தேடிப் போனோம். பிறகு திருத்தத்துக்கு உட்கார்ந்தோம்.

முதலிற் செய்த திருத்தமும் பிழைத்தது. ஜாங்கோவில் ஒரு சுற்றுக்குள் எம்ப்ரி என்றொரு பகுதி எழுதலாம். அணி வெறுமையாக இருந்தால் அப்பகுதி மட்டும் ஒருமுறை நடக்கும். அதிலே குடும்பத்துக்கு ஒரு நிரை எழுதினோம். சரிதான். ஆனால் ரோஸ்பான் அளவைப் பிள்ளைத் தொகையிலிருந்தே எடுத்தோம். தொகை சைபர், ஆகவே ரோஸ்பானும் சைபர். சைபர் என்றால் ஒன்றும் நீளாது என்று நினைத்தோம். அட்டவணை விதியிலோ அதற்குக் கருத்து வேறு: அந்தப் பகுதியின் கடைசி நிரைவரை நீள்க என்பது. மூதாட்டியின் பெயர் கீழுள்ள வீடுகளின் ஓரமெல்லாம் இறங்க, அவ்வீட்டுக்காரரின் விபரங்கள் ஒவ்வொரு நிரல் வலப்பக்கம் தள்ளிப்போயின. சைபர் வந்தால் ஒன்று என்று கொள்க எனச் சொல்லிக்கொடுத்தபின் அது அடங்கிற்று.

வெறுமையான கட்டத்தில் “பிள்ளைகள் இல்லை” என்று அடித்திருந்தோம். ஒரு பெரியவர் அதை வாசித்துவிட்டு, இதைத் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டப்போகிறீர்களா என்று மட்டும் கேட்டார். இப்பொழுது அங்கே ஒரு சிறு கோடு இருக்கிறது.

இலக்கம் பற்றியும் ஒரு சொல். உட்சுற்றின் எண்ணி ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்கும். ஆகையால் ஒவ்வோர் ஊரிலும் முதலாம் வீடு வந்து, ஒரே இலக்கத்தை இரண்டு மூன்று பேர் கூப்பிடக் கேட்டு எழுந்து வந்தார்கள். உட்சுற்றில் நின்றபடியே வெளிச்சுற்றின் எண்ணைக் கேட்பதற்குப் பேரன்ற்லூப், அதாவது தாய்ச்சுற்று, என்றொரு வழி உண்டு. அதை எடுத்து, மூன்றாம் ஊர் இரண்டாம் வீடு என்பதை 3–2 என்று எழுதினோம். ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மொத்தம் கூட்டும் வேலையை மட்டும் வார்ப்புருவிடம் விடாதீர்கள். எழுதுவதே அதன் தொழில். கணக்குக்கு அது மட்டு. வீட்டுத் தொகை, பிள்ளைத் தொகை இரண்டையும் முன்னரே பைதன் மொழியிற் கூட்டி அதன் கையிற் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கூட்டிய வீட்டுத் தொகையையும், அட்டவணையில் உண்மையாக எழுந்த வீடுகளின் தொகையையும் இப்பொழுது பக்கத்தின் அடியில் அருகருகே அடிக்கிறோம். இரண்டும் ஒவ்வாவிட்டால் அன்று ஒரு பொதியும் மண்டபத்தை விட்டு வெளிக்கிடாது. இந்த விதி தனாதிகாரி ஐயாவுடையது.

அட்டவணை அலுவலக அறையிலுள்ள கணினியில் இருக்கிறது. அணிகளின் பெயர்களைத் தமிழிலும் குறித்து வைத்திருக்கிறோம். பார்க்க விரும்பும் தம்பி தங்கையர் சனிக்கிழமை பின்னேரம் வரலாம். வரும்போது பிள்ளையில்லாத ஒரு வீடும், வீடே எழுதப்படாத ஓர் ஊரும் சேர்ந்த மாதிரி விபரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் போட்டு ஓட்டிப் பார்ப்போம். வீடில்லாத ஊரை நாம் இன்னும் சோதித்ததில்லை.