கைக்கு ஏத்த பேஸ்

கஸ்டம் பேஸ் கிட்டார்னு சொன்னதும் நம்ம ஆளுங்க கேட்கிற முதல் கேள்வி, "என்ன மரம் ப்ரோ?" ரெண்டாவது, "என்ன கலர்?" என்னைக் கேட்டா முதல் கேள்வி, வாசிக்கப்போறவங்க கை எவ்வளவு பெருசுங்கிறதுதான்.

எங்க பேண்ட்ல பேஸ் வாசிக்கிற அக்காவுக்குச் சின்னக் கை. பல வருஷமா 34 இன்ச் ஸ்கேல்ல வாசிச்சவங்க. ஸ்கேல்னா, ஸ்ட்ரிங் நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் அதிர்ற நீளம். போன வருஷம் மணிக்கட்டு வலி அதிகமாகி, பேண்டை விட்டுடலாம்னு முடிவுக்கே வந்துட்டாங்க. "தம்பி, எனக்கு அழகெல்லாம் வேணாம். ரெண்டு மணி நேரம் வாசிச்சா கை தாங்கணும், அவ்வளவுதான்"னாங்க. ஆர்டர்னா இப்படி இருக்கணும்.

இந்த 34 இன்ச் ஒண்ணும் இயற்கை விதி கிடையாது. 1951-ல லியோ ஃபெண்டர் கொண்டு வந்த பிரிசிஷன் பேஸ்ல இருந்த அளவு, அப்படியே வழக்கமாயிடுச்சு. பால் மெக்கார்ட்னியோட வயலின் வடிவ ஹாஃப்னர் 30 இன்ச் வாக்குல இருக்கிற ஷார்ட் ஸ்கேல்தான். அதை யாரும் பொம்மைன்னு சொன்னதில்லை.

நானும் 30 எடுத்துக்கிட்டேன். கணக்கு பாருங்க. 34 இன்ச்ல ஒண்ணாம் ஃப்ரெட்டுக்கும் நாலாம் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 130 மில்லிமீட்டர். 30 இன்ச்ல அது 114. ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சம். கேட்க அல்பமா இருக்கும், சுண்டுவிரலைக் கேட்டாத்தான் அதோட அருமை தெரியும்.

ஃப்ரெட் எங்கே வரணும்னு கண்டுபிடிக்க ஒரு எண் இருக்கு: 17.817. மொத்த நீளத்தை அதால வகுத்தா முதல் ஃப்ரெட். மீதி நீளத்தை மறுபடி வகுத்தா அடுத்தது. ஆனா மரத்துல குறிக்கும்போது ஒரு ஃப்ரெட்டுல இருந்து அடுத்ததை அளக்கவே கூடாது. எல்லாத்தையும் நட்டுல இருந்தே அளக்கணும். இல்லேன்னா அரை அரை மில்லிமீட்டரா பிசகு சேர்ந்து, மேல போகப் போக சுருதி விலகிடும்.

மரத்துக்கு வருவோம். பழைய வீடு இடிச்ச தேக்கு உத்தரம் ஒண்ணு கிடைச்சது. வருஷக்கணக்கா காய்ந்த மரம், அதனால சென்னை ஈரத்துக்கு அவ்வளவா அசையாது. ஆனா தேக்குல எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுறதுக்கு முன்னாடி அசிட்டோன் போட்டுத் துடைக்கலேன்னா பசை பிடிக்காது. உளியும் சீக்கிரம் மழுங்கிடும், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தீட்டிக்கிட்டே இருக்கணும். எலக்ட்ரிக் பேஸ்ல மரம் சவுண்டை எவ்வளவு மாத்தும்னு சண்டை போடுறவங்க நிறைய பேர். அந்தச் சண்டைக்கு நான் வரலை.

எனக்குக் கவலை நெக் மேலதான். சாதாரண பேஸ்ல நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70, 80 கிலோ இழுக்கும். ஒரு ஆளே தொங்குற மாதிரி. அதனால நெக்கை ஒரே கட்டையில செய்யாம, மரத்தை நீளவாக்குல பட்டையா அறுத்து, ரெண்டு வாரம் சும்மா வெச்சேன். வளையறது அப்பவே வளைஞ்சுடட்டும்னு. அப்புறம் இழைச்சு, ரேகை எதிரெதிரா வர்ற மாதிரி ஒட்டினேன். ஒண்ணு இந்தப் பக்கம் வளையப் பார்த்தா, பக்கத்துப் பட்டை விடாது. உள்ளே ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி. ஆலன் கீ போட்டுத் திருகினா நெக்கோட வளைவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இதுவரைக்கும் சொன்னது பாதிதான். பேஸ் மாட்டிக்கிட்டு கையை விட்டா, பல பேஸ்ல நெக் கீழே சரியும். அப்போ இடது கை வாசிக்கிறதோட, நெக்கைத் தாங்குற வேலையையும் பார்க்குது. மணிக்கட்டு தாங்குமா? அதுக்காக பாடியோட மேல் கொம்பை நீட்டி, ஸ்ட்ராப் மாட்டுற இடம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரா வர்ற மாதிரி வெட்டினேன். எடை குறைஞ்ச ட்யூனர் போட்டேன். பிக்கப், வயரிங் எல்லாம் ரெடிமேட், ஒரு மதிய வேலை.

ஸ்கேல் குறைஞ்சதுக்கு ஒரு விலை உண்டு. அதே ஸ்ட்ரிங், அதே சுருதின்னா இழுவிசை ஏறக்குறைய 22 சதவீதம் குறையும். விரலுக்கு சுகம், ஆனா தடியான 'இ' ஸ்ட்ரிங் தொளதொளன்னு ஆயிடும்.

மாட்டிக்கொடுத்த அன்னைக்கு அக்கா முதல்ல வாசிக்கவே இல்லை. ரெண்டு கையையும் எடுத்துட்டு நின்னாங்க. நெக் சரியலை. அப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. இப்போ ஒரு ஷோ முழுக்க வாசிக்கிறாங்க, நடுவுல பாட்டுக்குப் பாட்டு கையை உதறிக்கிறது இல்லை. ஆனா 'இ' ஸ்ட்ரிங் மேல மட்டும் கோபம். "என்ன தம்பி, ரப்பர் பேண்ட் மாதிரி இருக்கு?"ன்னாங்க. இன்னும் தடியான ஸ்ட்ரிங் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன். அது வந்தா நட்டுல காடியைக் கொஞ்சம் அரம் போட்டு அகலப்படுத்தணும், ட்ரஸ் ராடையும் ஒரு கால் சுத்து திருப்ப வேண்டியிருக்கும்.