சுவிட்சை அணைச்சா போதுமா? பழைய வீட்டு விளக்கைக் கழற்றும் முன்...
(மரக்காணம் பகுதி மக்களுக்கான மின் பாதுகாப்பு உரையின் எழுத்து வடிவம்)



உப்பளக் கரையில வாழ்ற உங்களுக்கு உப்புக்காத்தைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுக் கீல் எல்லாத்தையும் அது அரிக்குது. கூரைக்குக் கீழே இருக்கிற டியூப்லைட் பட்டியையும் பல்பு ஹோல்டரையும் அதே காற்றுதான் அரிக்கிறது. அதை மட்டும் நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை.

விளக்கு மினுக்கினால் என்ன செய்கிறோம்? சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றுகிறோம். ஆபத்து இங்கேதான். பழைய ஒயரிங்கில் சில வீடுகளில் சுவிட்சை ஃபேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைச்சா லைட் அணையும். ஆனா ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும்.

"ஃபியூஸ் இருக்கே, காப்பாத்தாதா?" என்று கேட்பீங்க. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக அதைவிட அதிக மின்சாரம் பாய வேண்டும். மனித உடலுக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆபத்துதான். ஃபியூஸ் காப்பது கம்பியை, ஆளை அல்ல. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி. உப்புப் படிவு ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் கசிவு வரும். அதனால நம்ம ஊரு வீட்டுக்கு இது ரொம்ப அவசியம். பொருத்திய பிறகு அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க.

கழற்றும்போது இந்த வரிசையை விடாதீங்க:

1. டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் பாருங்க.
2. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்க. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்கணும்.
3. விளக்கின் எல்லாக் கம்பிகளிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்க. எரிந்தால் தொடாதீங்க.
4. கம்பிகளைப் பிரிக்கும் முன் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

எதைச் சரிசெய்யலாம்? ஸ்டார்ட்டர், ஹோல்டர் மட்டும் போயிருந்தால் மாற்றினால் போதும். பட்டியே துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் மொத்தமாக மாற்றுங்க. மரக்கட்டை உளுத்திருந்தால் பி.வி.சி. கட்டை, இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் பித்தளை ஸ்க்ரூ போடுங்க. கம்பியை லேசாக வளைக்கும்போதே மேலுறை உதிர்ந்தால், அதில் புது விளக்கை மாட்ட வேண்டாம். ஒயரிங்கையே மாற்ற வேண்டிய நேரம் அது.

செலவை நினைச்சுத் தயங்குறவங்களுக்கு ஒரு கணக்கு. சோக்கோடு சேர்த்து பழைய டியூப்லைட் சுமார் 55 வாட், எல்.இ.டி. டியூப் 20 வாட். தினம் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் ஒரு விளக்குக்கே 10 யூனிட் மிச்சம். ஆனால் பழைய பட்டியில் எல்.இ.டி. டியூப் மாட்ட சோக், ஸ்டார்ட்டர் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதையும் ஒயரிங் வேலையையும் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளிடம் விடுங்க.

கழற்றிய டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கு. உடைக்காதீங்க, குழந்தைகள் கையில் கொடுக்காதீங்க. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்க.

மீட்டருக்கு உள்பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. கம்பத்திலிருந்து வரும் கம்பி தொய்ந்தாலோ, தீப்பொறி வந்தாலோ நீங்க ஏறாதீங்க. மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் பேசுங்க. 24 மணி நேரமும் புகார் எடுப்பார்கள்.

2020 நவம்பரில் நிவர் புயல் நம்ம மரக்காணம் பக்கம்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. மழைக்காற்று கூரைக்குள் தண்ணீரை அடிக்கும்போது, துருப்பிடித்த விளக்கைக் கழற்ற ஸ்டூல் தேடக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன்னே, காய்ந்த ஒரு பகல் வேளையில், வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்க.