நம்பத்தகுந்த மெக்கானிக்கைத் தெரிந்துகொள்ளுதல்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. நம்மிற் பலருடைய வீட்டு வாயிலில் நிற்கும் சிறு சுமை வண்டியும், அதனைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குமே இன்றைய பொருள். தமிழாசிரியனுக்கும் வண்டிப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவுதல் கூடும். என் தம்பி பிக்கப் வண்டி ஒன்று வைத்துக் காய்கறி ஏற்றிப் பிழைப்பவன். அவ்வண்டியின் வரவுசெலவுக் கணக்கை எழுதி வருபவன் யான். பல ஆண்டு அக்கணக்கை எழுதியதனால் ஒன்று தெளிந்தேன். டீசல் விலையை நாம் குறைக்க இயலாது. தவணைத் தொகையும் நம் சொற்படி குறையாது. பழுதுபார்க்கும் செலவு ஒன்றே நம் அறிவினால் குறையக் கூடியது. அச்செலவோ வண்டியின் வயதைக் காட்டிலும் அதனைத் தொடும் கையைப் பொறுத்ததாக இருக்கின்றது.

2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ஏஸ் என்னும் சிறு வண்டியை வெளியிட்டனர். இரண்டே சிலிண்டர் கொண்ட எஞ்சினுடன், லாரி புகாத தெருவிலும் புகுந்து சென்ற அதனை நம் மக்கள் குட்டியானை என்று அன்புடன் அழைத்தனர். 2011-இல் அசோக் லேலண்டாரின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப்பும் ஊர்தோறும் காணப்படுகின்றது. முன்னர்ப் பிறருடைய லாரிக்குக் காத்திருந்த விவசாயியும் சிறு வியாபாரியும் இன்று தாமே வண்டிக்கு உடையவராயினர். இது மகிழத் தக்கதே. ஆயினும், பல லாரி உடையவருக்கு ஒன்று நின்றால் மற்றொன்று ஓடும். நமக்கு உள்ளதோ ஒன்றே. அது பட்டறையில் நான்கு நாள் நின்றால் நான்கு நாள் வருமானம் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு விடியுமுன் சேர வேண்டிய தக்காளி வழியிலேயே அழுகும்; தவணை நாளோ தவறாமல் வரும். இதனினும் பெரியதொன்று உண்டு. கொல்லிமலைப் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70. வாழைத்தாரும் பலாவும் ஏற்றி அவ்வளவையும் இறங்கி வரும் வண்டியின் பிரேக் ஒரு மெக்கானிக்கின் கைவேலையை நம்பியிருக்கின்றது. ஆகவே இத்தேர்வு பணத்தை மாத்திரம் பற்றியதன்று. ஓட்டுபவரின் உயிரையும் எதிரே வருபவரின் உயிரையும் பற்றியது.

இத்துணைப் பெரிய தேர்வினை நாம் எவ்வாறு செய்கின்றோம்? "நம்மவர் பட்டறை, உறவு முறை, வேறிடம் போனால் மனவருத்தம் கொள்வார்" என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோய் விடுகின்றோம். நம் சங்கத்திலேயே இதனைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லத் தக்க இடம் இதுவே. உறவு திருமணத்திலும் துக்கத்திலும் துணை நிற்பது. கிளட்ச் பிளேட்டை அது பொருத்தித் தாராது. நம்மவராயின் கணக்குக் கேட்கக் கூசுகின்றோம். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி சொல்ல நாணுகின்றோம். அவரும், "நம்மாள்தானே, பொறுத்துக்கொள்வார்" என்று நம் வேலையைப் பின்னுக்குத் தள்ளுகின்றார். முடிவில் வண்டியும் கெடுகின்றது, உறவும் கெடுகின்றது. திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசன் வினைசெய்வாரைத் தேர்வது பற்றியதாயினும் அதன் கருத்து நமக்கும் பொருந்தும். அன்பு ஒன்றே பற்றி அறிவிலாரை நம்புதல் பேதைமை. ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் தீராத் துன்பம் தரும் என்பதே அது. நம்மவருள் கைதேர்ந்தவர் இருப்பின் அவரிடம் தாராளமாகச் செல்க. ஆனால் கைத்திறனுக்காகச் செல்க.

இனி, ஆராய்வது எங்ஙனம் என்பதைக் கூறுவேன்.

முதலாவது, கேட்குமிடம் அறிந்து கேட்க வேண்டும். நம்முடையதைப் போன்ற வண்டியை, நம்மைப் போலவே சுமையேற்றித் தாமே ஓட்டுவோரிடம் கேட்பது நன்று. சம்பளத்துக்கு ஓட்டுபவர் சொல்லை மாத்திரம் நம்புதல் போதாது. பட்டறையிலிருந்து அவருக்குச் சிறு தொகை சேர்வதும் சிலவிடங்களில் உண்டு. "அவர் நல்ல மெக்கானிக்கா?" என்று கேட்டால் எவரும் "ஆம்" என்றே சொல்லுவர். "அவர் பார்த்த பழுது மறுபடியும் வந்தபொழுது அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பழுது திரும்பாத பட்டறை உலகில் இல்லை. திரும்பி வந்த வண்டியை முகஞ்சுளியாமல் ஏற்று, தம் தவறாயின் கூலி வாங்காமல் சரிசெய்தவரே நாம் தேடுபவர்.

இரண்டாவது, அவர் நம்மைக் கேட்கும் கேள்விகளைக் கவனிக்க வேண்டும். நல்ல வைத்தியர் நாடி பார்க்குமுன் வினவுவார். அதுபோல நல்ல மெக்கானிக்கு, சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபின்னா? வெறும் வண்டியிலா, சுமையிலா? எந்தக் கியரில்? என்று கேட்பார்; தாமே சிறிது தூரம் ஓட்டியும் பார்ப்பார். வண்டி வாயிலில் நுழையுமுன்பே, "எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது, சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் முறை அவரிடம் உண்டா என்று பார்க்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையெனின் முதலில் பேட்டரி முனைகளைப் பார்த்து, பின்னரே செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கரும்புகை வருமாயின் முதலில் ஏர் பில்டர் அடைத்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். நீலப்புகையோ எண்ணெய் எரிவதைக் காட்டுவது. அதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டும். ஒருமுறை என் தம்பியின் வண்டி மேட்டில் இழுவை குன்றியது. ஒரு பட்டறையில், பம்பையே மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை சொன்னார்கள். மற்றொரு பட்டறையில் ஒரு முதியவர் டீசல் பில்டரைக் கழற்றி, அதில் நின்ற நீரையும் அழுக்கையும் எங்களுக்குக் காட்டினார், புதிய பில்டர் போட்டு, "இரண்டு நடை ஓட்டிப் பாருங்கள், சரியாகாவிட்டால் பம்பைப் பற்றிப் பேசுவோம்" என்றார். வண்டி சரியாயிற்று. அன்று அவர் பெற்ற கூலி சிறிது. அதன்பின் எங்கள் வண்டி வேறிடம் செல்லவில்லை.

நான்காவது, தம் எல்லையை அறிந்தவராக அவர் இருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகள் பி.எஸ். 6 என்னும் புகைவிதிக்கு உட்பட்டவை. டீசல் வண்டிகள் பலவற்றின் புகைவழியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் அக்கரி எரிந்து தூய்மையாகும். ஊருக்குள்ளேயே சிறு சிறு நடையாக ஓடும் வண்டியில் அவ்வெப்பம் எழாமையால் கரி அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரியும். இத்தகைய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த வகை எண்ணெயே ஊற்ற வேண்டும்; ஸ்கேனர் கருவியும் வேண்டும். அக்கருவி காட்டும் எண்ணோ, பழுது எந்தப் பகுதியில் என்று சுட்டுமேயன்றி எந்தப் பாகத்தை மாற்றுக என்று சொல்லாது. அதன்பின் ஆராய்வது மனித அறிவே. விளக்கை அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடாதவரும், "வடிகட்டியையே எடுத்துவிடலாம்" என்று சட்டத்துக்கு மாறான வழியைச் சொல்பவரும் நமக்கு வேண்டாம். "இஃது என் வேலையன்று, பம்ப் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்று ஒருவர் சொல்வாராயின், அவரைக் குறைவாக எண்ணற்க, அவரே நம்பத் தக்கவர்.

ஐந்தாவது, கணக்கில் தெளிவு. வேலை தொடங்குமுன் உத்தேசத் தொகை சொல்ல வேண்டும்; அதற்கு மேற்படின் நம்மைக் கேட்ட பின்னரே செய்ய வேண்டும். புதிய பாகத்தைப் பெட்டியோடும், பழைய பாகத்தைக் கழற்றியபடியும் காட்ட வேண்டும். பாகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று எழுதிய பில் வேண்டும். இந்தப் பில் வீண் காகிதமன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவரும் நுகர்வோரே. குறை நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அங்கே பில்லே நம் சாட்சி. பெரிய கம்பெனிச் சர்வீஸ் நிலையமாயினும் இவ்வைந்தும் அங்கும் பார்க்கத் தக்கனவே. வாரண்டிக் காலத்தில் அங்கே செல்வது முறை. அதன்பின் எங்கே செல்வதென்பதை ஆராய்ச்சியே முடிவு செய்யட்டும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின்னும் முதல் நாளே பெரிய வேலையை ஒப்படைத்தல் வேண்டா. எண்ணெய் மாற்றுதல், பிரேக் துடைத்தல் போன்ற சிறு வேலை ஒன்றைக் கொடுத்து அருகில் நின்று பாருங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குகின்றாரா? சிறிது தூரம் ஓடியபின் மறுபடியும் இறுக்கிப் பார்க்கச் சொல்கின்றாரா? பிரேக் ஆயில் எப்பொழுது மாற்றியது என்று கேட்கின்றாரா? அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் கொதிக்க 205 பாகை வெப்பமேனும் வேண்டும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதித்துவிடக் கூடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறுகையில் அது கொதித்தால் மிதி கீழே போகும், வண்டி நில்லாது. இதனைக் கேளாமலே அறிந்து சொல்லும் மெக்கானிக்கு ஒருவர் ஊருக்கு இருந்தால் அவ்வூர் பாக்கியம் செய்தது.

சகோதரர்களே! இதுவரை மெக்கானிக்கின் கடமையைச் சொன்னேன்; நம் கடமையும் உண்டு. நம்பிக்கை இருவர் தூக்கும் காவடி. அளவுக்கு மீறிச் சுமையேற்றி லீஃப் ஸ்பிரிங்கை முறித்துவிட்டு, "தானாகவே முறிந்தது" என்று பொய் கூறலாகாது. ரேடியேட்டரில் நீரின்றி ஓட்டியிருந்தால் ஓட்டினோம் என்றே சொல்ல வேண்டும். வைத்தியரிடம் நோயை மறைத்தால் மருந்து எங்ஙனம் பலிக்கும்? "மாலைக்குள் வேண்டும்" என்று விரட்டிவிட்டுப் பிறகு வேலை திருத்தமாக இல்லையென்று பழித்தல் முறையன்று. மலிவான பாகமே போடும்படி நாமே வற்புறுத்திவிட்டு, அது கெட்டபின் அவரைக் குறைகூறுதல் அதனினும் தவறு. கூலியைப் பலநாள் இழுத்தடித்துக் கொடுப்பவருடைய வண்டியை எவர் முதலில் பார்ப்பார்?

இன்னுமொன்று. பட்டறையில் வேலை செய்பவரை ஏவலாளைப் போல ஏகவசனத்தில் அழைக்கும் வழக்கம் நம்மிற் சிலரிடம் உண்டு. எண்ணெய்க் கறை படிந்த கையை இழிவாக எண்ணும் சமூகத்தில் நல்ல கைவினைஞர் எங்ஙனம் வளர்வர்? நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து மோட்டார் மெக்கானிக்கு வேலையை இரண்டாண்டு முறையாகக் கற்க விரும்பினால், "படிப்பு வராதவன்" என்று அவர்களைப் பழிக்கின்றோம். இவ்வாறு பழித்துவிட்டு, பிறகு நல்ல மெக்கானிக்கு அகப்படவில்லையே என்று வருந்துகின்றோம்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். சங்கக் கட்டடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்படட்டும். வண்டி வைத்திருப்போர், எந்தப் பட்டறையில் எந்தப் பழுதைப் பார்த்தனர், சொன்ன தொகை எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு, பழுது திரும்பியதா, திரும்பியபொழுது என்ன நடந்தது என்னும் இவற்றை மாத்திரம் எழுதட்டும். புகழ்ச்சியும் வேண்டா; வசையும் வேண்டா. மெக்கானிக்கு எக்குலத்தார் என்பதற்கு அதில் ஓர் இடமும் ஒதுக்க வேண்டா. ஓராண்டு நேர்மையாக எழுதினால், புதிதாக வண்டி வாங்கும் இளைஞர் எவரும் இருட்டில் தடவ வேண்டியிராது.