டை உடைந்தால் எஃகை மட்டும் திட்டலாமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு உறுப்பினர் தம் தொழிலைப் பற்றிப் பேசும் பகுதியில் ஆற்றிய உரை.)



"ஸ்டீல் விற்கிறேன்" என்று சொன்னால் பலரும் வீடு கட்டும் கம்பி என்று நினைக்கிறார்கள். நான் விற்பது டூல் ஸ்டீல். இரும்புத் தகட்டை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் டைகளைச் செய்கிற எஃகு.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் கார் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி எத்தனையோ பிரஸ் ஷாப்கள். நம் குடியிருப்பிலிருந்தும் தினமும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறோம்.

பட்டுத்தறியின் ஜக்கார்டு அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் துளை போடுவது பஞ்சும் டையும்தான். காகித அட்டைக்குப் பதில் இரும்புத் தகடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. தகட்டுக்குப் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. இடைவெளிதான் விடுவார்கள். மலிவான தகரச் சாமானின் விளிம்பு கையைக் கீறியிருக்கும். அந்தப் பிசிறு பெரும்பாலும் டையின் முனை மழுங்கியதற்கு அடையாளம்.

டை இரண்டு விதமாகக் கெடும். ஒன்று தேயும், அல்லது முனை சிதறும். தேயாமல் இருக்கக் கடினம் வேண்டும். சிதறாமல் இருக்க அடி தாங்கும் குணம் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். டி2 எஃகில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். எளிதில் தேயாது. ஆனால் பலத்த அடி விழுந்தால் முனை தெறிக்கலாம். ஏ2-இல் கார்பன் 1, குரோமியம் 5 சதவீதம். தேய்மானம் சற்று அதிகம், அடியை நன்றாகத் தாங்கும். அதனால் "எது நல்ல ஸ்டீல்?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: என்ன தகடு? எவ்வளவு கனம்? எத்தனை லட்சம் அடி? பழைய டை எப்படிக் கெட்டது?

ஒரு சிறிய பிரஸ் ஷாப். கடனில் வாங்கிய மிஷின், பத்துப் பேருக்குள் வேலை. பல வருடம் டி2 பஞ்ச் நன்றாக ஓடியது. திடீரென்று சில நாளிலேயே முனை சிதறத் தொடங்கியது. "சார், உங்க ஸ்டீல் சரியில்லை. நாளைக்குப் பார்ட்ஸ் போகலைன்னா ஆர்டரே போயிடும்" என்று உரிமையாளர் போன் செய்தார்.

நேரில் போனேன். உடைந்த துண்டு, ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட், ஓடுகிற தகடு மூன்றையும் கேட்டேன். தகடு அதே கனம்தான். ஆனால் வாடிக்கையாளர் அதிக வலுவுள்ள ரகத்துக்கு மாறியிருந்தார். இடைவெளி பழையபடியே இருந்தது. பஞ்சின் கடினம் 62 எச்.ஆர்.சி. டெம்பரிங் ஒரே முறைதான் செய்திருந்தார்கள். டி2-வுக்குக் குறைந்தது இரண்டு முறை தேவை. மாற்றுப் பஞ்சை இரண்டு முறை டெம்பர் செய்து 58-59க்குக் கொண்டுவந்தோம். இடைவெளியைக் கூட்டினோம். அடுத்த செட்டுக்கு 8 சதவீதக் குரோமியம் உள்ள, டி2-வைவிட அடி தாங்கும் ரகத்தைச் சொன்னேன். ஆர்டர் அவர் கையைவிட்டுப் போகவில்லை.

டை செய்யும் செலவில் எஃகின் விலை சிறு பங்குதான். மிஷினிங், ஹீட் ட்ரீட்மென்ட், டிரையல், எல்லாவற்றுக்கும் மேலாக மிஷின் நிற்கும் நேரம், இவைதான் பெரிய செலவு. கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக் கொடுப்பவரைவிட, உடைந்த அன்று வந்து நிற்பவர்தான் உண்மையில் மலிவு.

இந்தத் தொழிலில் இருக்கும் நம்மவர்களுக்கு நான்கு வார்த்தை. ஸ்டீல் சான்றிதழையும் ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட்டையும் ஃபைலில் வையுங்கள். பிசிறு பெரிதாகும் முன்பே சாணை பிடியுங்கள். கூலன்ட் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. தகடு மாறினால் ஸ்டீல் கொடுத்தவருக்குச் சொல்லுங்கள். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். காரணம் அதில்தான் இருக்கிறது.

பத்தாவது முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டூல் அண்ட் டை மேக்கர் படிப்பு இருப்பதையும் சொல்லுங்கள். கை வேலையும் கணக்கும் சேர்ந்த நல்ல தொழில் அது.