'ரோம், திறந்த நகரம்': ஒரு திரைப்பட மதிப்புரை



நம் நாட்டின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24 அன்று, இன்று மும்பை எனப்படும் பம்பாயில் தொடங்கிற்று. அங்குக் காட்டப்பெற்ற இத்தாலியப் படங்களுள் ஒன்று, ரொபெர்த்தோ ரோசெல்லினி 1945-இல் வெளியிட்ட 'ரோம், திறந்த நகரம்'. ஸ்டூடியோ அரண்மனைகளையும் ஆடல் பாடல்களையும் கண்டு பழகியவர்க்கு, தெருவையே அரங்காகக் கொண்ட இப்படம் புதுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எதிர்த்துப் போரிடாமல் விடப்படும் நகரைத் 'திறந்த நகரம்' என்பது போர் மரபு. 1943 ஆகஸ்டில் ரோம் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஜெர்மானியர் அதைக் கைப்பற்றினர். 1944 ஜூன் 4-இல் நகரம் விடுதலை பெற்றது. வட இத்தாலியில் போர் ஓயுமுன்பே, 1945 ஜனவரியில், படப்பிடிப்புத் தொடங்கிவிட்டது.

பீனா ஓர் ஏழைக் கைம்பெண். அவளை மணக்கவிருப்பவன் அச்சகத் தொழிலாளி பிரான்செஸ்கோ. அவர்களிடம் புகலடைகிறான் பொதுவுடைமைப் போராளி மான்ஃப்ரெடி. அவனுக்குத் துணை நிற்பவரோ ஒரு பாதிரியார், தோன் பியெத்ரோ. கடவுளை நம்புபவரும் நம்பாதவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றனர். மணநாளன்று, பிடித்துச் செல்லப்படும் பிரான்செஸ்கோவின் லாரியைத் தொடர்ந்தோடும் பீனா சுடப்பட்டு வீழ்கிறாள். 1944 மார்ச்சில் ரோமில் சுட்டுக் கொல்லப்பட்ட தெரேசா குல்லாச்சே என்ற பெண்ணின் நினைவே இதற்கு மூலம். அன்னா மக்னானியின் நடிப்பில் அந்தச் சில நொடிகள் மறக்கவொண்ணாதவை.

தாராவியில் 'சால்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்க்குப் பீனாவின் குடியிருப்பு அந்நியமன்று. ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டிலும் கேட்கும் வாழ்வு அது. அந்த அண்டை அயலாரின் ஒற்றுமையே படத்தின் உயிர்.

ஆயினும் ஒரு குறை உண்டு. கொடுமை முழுவதும் ஜெர்மானியர் பக்கமே குவிந்துள்ளது. அதிகாரி பெர்க்மன் நாடகத்து வில்லனாகவே நிற்கிறான். இத்தாலியப் போலீசுத் தலைவரோ நிழல்போல் வந்து மறைகிறார். பாதிரியாரைச் சுட நிறுத்தப்பட்ட இத்தாலியச் சிப்பாய்கள் குறி தவறிச் சுடுகின்றனர். ஜெர்மானிய அதிகாரியே அவரைக் கொல்கிறான்.

வரலாறு இவ்வளவு எளிதன்று. 1922 முதல் முசோலினியின் ஆட்சியைத் தாங்கியவர் இத்தாலியரே. 1938-இல் யூதருக்கு எதிரான சட்டங்களை இயற்றியதும் அவ்வரசே. 1944 மார்ச் 24 அன்று அர்தியாத்தினேக் குகைகளில் ஜெர்மானியர் 335 பேரைக் கொன்றனர். அவருள் பலரைப் பட்டியலிட்டு ஒப்படைத்தது ரோமின் இத்தாலியப் போலீசு.

புண்பட்ட மக்களை ஒன்றுசேர்க்க 1945-இல் அத்தகைய கதை தேவைப்பட்டிருக்கலாம். எனினும், புண்ணுக்கு மருந்திடுவது வேறு. கணக்குப் பார்ப்பது வேறு. வேற்றூரில் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். நகரின் குறைகளுக்கெல்லாம் வெளியாரே காரணம் என்னும் பேச்சை, 1960-களின் பம்பாயில் தென்னாட்டார் கேட்டதுண்டு. படையெடுத்து வந்தவரையும் பிழைக்க வந்தவரையும் ஒப்பிடுதல் தகாது. ஆனால் பழியை வெளியே தள்ளித் தன்னைத் தூயதென எண்ணும் மனம் எங்கும் ஒன்றே.

இறுதியில், பாதிரியாரின் மரணத்தைக் கண்ட சிறுவர்கள் நகரை நோக்கி நடக்கின்றனர். வீரத்தோடு தம்மவர் பிழையையும் அவர்கள் அறிந்து சென்றிருப்பின், இப்பெரும் படம் இன்னும் பெரிதாகியிருக்கும்.