தோட்டக் கம்பெனிக்கு ஒரு பேர்: பாரடைஸா, பொழிலா?

இந்த வாரம் கோட் பக்கம் போகல. ஆனா புரோகிராம் எழுதுறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு தலைவலிதான்: பேர் வைக்கிறது.

தண்டலத்துல இருந்து ஒரு அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பிளான்ட் வேலையை விட்டுட்டு, சேமிப்பைப் போட்டு, வில்லாக்களுக்கும் கம்பெனி கெஸ்ட் ஹவுஸுக்கும் தோட்டம் டிசைன் பண்ணி அமைச்சுத் தர்ற தொழில் ஆரம்பிக்கிறார். சும்மா புல்தரை போட்டு நாலு குரோட்டன்ஸ் வைக்கிற வேலை இல்ல. வரைபடம், சொட்டுநீர், லைட்டிங், வருஷப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது. அவங்க அப்பா இதே பகுதி கம்பெனிகள்ல கான்ட்ராக்ட் தோட்டக்காரர். அவருக்குக் கிடைச்சது நாள் கூலி. இவர் கேக்கப்போறது டிசைன் ஃபீஸ். அண்ணனோட கேள்வி இதுதான்: "தம்பி, தமிழ்ப் பேர் வச்சா ரேட்டைக் குறைச்சுப் பேசுவாங்களோ?"

இந்த பயம் வேடிக்கையானது இல்ல. ஒரே மண்வெட்டி, ஒரே மண். 'தோட்டக்காரர்'னு சொன்னா ஒரு ரேட்டு, 'லேண்ட்ஸ்கேப்பர்'னு சொன்னா வேற ரேட்டு. அந்த வித்தியாசத்தைத் தாங்கப்போறது பேர்தான்.

ஆனா பயத்துக்குப் பதில் இங்கிலீஷ் இல்ல. நல்லி 1928-ல இருந்து பட்டு விக்குது. அந்தப் பேர்ல 'ராயல்'னோ 'எலைட்'னோ எதுவும் கிடையாது; விலையைக் குறைச்சுப் பேச யாருக்கும் தோணாது. ஓசூர்ல பிறந்த டைட்டனைப் பாருங்க. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ரெண்டோட முதல் எழுத்துகளைச் சேர்த்த பேர் அது. 1984-ல டிட்கோவோட கூட்டா ஆரம்பிச்சது. பேரே உயரத்தைக் கொடுத்துடல, கடிகாரம்தான் பேருக்கு உயரத்தைக் கொடுத்துச்சு.

இப்ப அண்ணனோட லிஸ்ட்டுக்கு வருவோம். மூணு பேர்: கிரீன் பாரடைஸ், எலைட் லேண்ட்ஸ்கேப்ஸ், தண்டலம் கார்டன்ஸ். 1999 டிரேட் மார்க்ஸ் சட்டத்துல 9-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பொருளோட வகை, தரம், அது வர்ற ஊர், இதை மட்டுமே சொல்ற வார்த்தையை ஒருத்தருக்கே சொந்தம்னு பதிவு பண்ணித் தர மாட்டாங்க. கிரீன், லேண்ட்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்: வகை. எலைட்: தரம். தண்டலம்: ஊர். ஒரே பிரிவுல மூணு பேரும் தடுக்கி விழுறாங்க! பல வருஷம் உழைச்சு அந்தப் பேர்னாலே நீங்கதான்னு ஊருக்குத் தெரிஞ்ச பிறகு கேட்டா வேற கதை. முதல் நாள் கேட்டா கஷ்டம்.

இன்னொண்ணு, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஜிஎஸ்டி சான்றிதழ்ல பேர் இருக்கு, பேங்க்ல கரன்ட் அக்கவுன்ட் அந்தப் பேர்ல இருக்கு, அதனால பேர் நம்மளோடதுன்னு. இல்லைங்க. கம்பெனியாவே பதிவு பண்ணியிருந்தாலும் டிரேட்மார்க் தனி. தோட்டக்கலைச் சேவைகள் 44-வது வகுப்புல வரும். தனிநபருக்கும் சின்ன நிறுவனத்துக்கும் ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000. பதிவாயிடுச்சுன்னா 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்கலாம். போர்டு அடிக்கிற செலவைவிட இது கம்மி.

சரி, அப்ப தமிழ்ல தேடுவோம். தோட்டத்துக்கு நம்மகிட்ட சொல்லுக்கா பஞ்சம்? கா, சோலை, பொழில், பொதும்பர், நந்தவனம், தண்டலை. ஆமா, தண்டலைன்னா குளிர்ந்த சோலை. தண்டலத்துல இருந்துக்கிட்டு 'தண்டலை'ன்னு பேர் வச்சா எவ்வளவு பொருத்தம்! நான் துள்ளிக் குதிச்சேன். அண்ணன் ஒரே வரியில முடிச்சார்: "தம்பி, இங்க தண்டல்னா தினவசூல் கடன்." அவ்ளோதான். வில்லா வாசல்ல போய் "தண்டலைல இருந்து வர்றோம்"னு சொன்னா, வாட்ச்மேன் முதலாளி ஊர்ல இல்லைன்னுடுவார்.

இப்படித்தான் ஒவ்வொண்ணா விழுந்துச்சு. 'கா' அழகான ஓரெழுத்துச் சொல், திருவானைக்காவுல இருக்கு; தனியா சொன்னா காக்கா கூப்பிடுற மாதிரி இருக்கு. மலையாளத்துல காவுன்னா கோயில் சோலை, நமக்கு 'காவு'ன்னாலே பலி. 'முற்றம்' எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா ஒரகடத்துல வடக்கத்தி மேனேஜர்கள் நிறைய. அவங்க காதுல அது மூத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்துல விழும். [சிரிப்பு] 'நிழல்' நல்ல பேர்தான், சென்னையில மரங்களுக்காக வேலை செய்ற அமைப்புக்கு ஏற்கெனவே அந்தப் பேர் இருக்கு.

மிச்சம் இருந்தது 'பொழில்'. அதுல ஒரு ழ. ழ-வை இங்கிலீஷ்ல இசட்-எச்னு எழுதுவோம். தெரியாதவங்க 'பொஸில்'னு படிப்பாங்க. தேடுறவங்க எல்-னு அடிச்சா நம்ம பக்கம் வராது. இது நம்ம சோஹோ பார்த்த பிரச்சினைதான். 2025 செப்டம்பர்ல அரட்டை ஆப் திடீர்னு நாடு முழுக்க ஓடுனப்ப, பேர் வாயில நுழையல, மாத்துங்கன்னு வெளிமாநிலத்துல இருந்து எத்தனை பேர் கேட்டாங்க! அதே சோஹோ 2023-ல விட்ட பிரவுசருக்குப் பேர் 'உலா'. அதுவும் தமிழ்தான். ஆனா ரெண்டே எழுத்து, யார் சொன்னாலும் உடையாது. என் கருத்து, அரட்டையை மாத்த வேண்டியதில்லை, அவங்க தாங்குவாங்க. விளம்பரத்துக்குக் காசு இல்லாத ஒரு புதுத் தொழில், ஒவ்வொரு போன்லயும் பேரை ஸ்பெல்லிங் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

காதுல எப்படி விழுதுங்கறது கோர்ட்டுக்கும் முக்கியம். 1962-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்துச்சு, அம்ருத்தாராவா லக்ஷ்மண்தாராவான்னு, ரெண்டும் மருந்து. எழுத்தை எழுத்தா வெட்டி, அர்த்தத்தைப் பிரிச்சுப் பார்க்காதீங்க. சாதாரண ஆளு அரைகுறை ஞாபகத்தோட கடைக்குப் போனா குழம்புவாரா, அதைப் பாருங்கன்னாங்க. டிரேட்மார்க் தளத்துல தேடும்போதும் வார்த்தையை மட்டும் தேடாம, ஒலி ஒற்றுமைத் தேடலையும் போட்டுப் பாருங்க.

போர்டு விஷயம் ஒண்ணு சொல்லணும். தமிழ்நாட்டுல பெயர்ப் பலகையில தமிழ் முதல்ல, பெருசா இருக்கணும்: தமிழ், இங்கிலீஷ், மத்த மொழி 5:3:2. அதனால லோகோவை இங்கிலீஷ்ல வரைஞ்சுட்டு கடைசியில தமிழைத் திணிக்காதீங்க. 'எலைட் லேண்ட்ஸ்கேப்ஸ்'னு பெரிய தமிழ் எழுத்துல ஒரு தடவை எழுதிப் பாருங்க. எத்தனை புள்ளி, எத்தனை கொம்பு! படிக்கிறதுக்குள்ள கார் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டிடும்.

நான் கடைசியா சொன்ன பேர் 'ஈரம்'. சின்னது, ழ இல்ல, இந்தி பேசுறவரும் கொரியாக்காரரும் சொல்லிடலாம். தோட்டம்னு நேரா சொல்லல, ஆனா மண்ணும் தண்ணியும் மனசும் அதுல இருக்கு. அப்பா செஞ்ச வேலைக்கும் பொருந்தும், மகன் கேக்குற ஃபீஸையும் தாங்கும். 2009-ல அந்தப் பேர்ல வந்த படத்துல பேய் தண்ணி வழியா வரும், அது ஒண்ணுதான் இடிக்குது. அண்ணன் மனசு இன்னும் பொழில் பக்கம். ழ போனாப் போகுது, வாடிக்கையாளருக்கு நானே சொல்லித் தர்றேங்கறார். அதுவும் ஒரு வழிதான், ஆனா அதுக்குப் பொறுமை வேணும்.

ரெண்டு பேரையும் 44-வது வகுப்புல தேடிப் பார்த்துட்டு இந்த வாரம் சொல்றேன்னிருக்கார். அதுவரைக்கும் விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். உங்ககிட்ட வேற பேர் இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அவருக்குக் கடத்திடறேன்.