தொழிற்சாலையும் தூரிகையும்

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் கம்பெனி தொடங்கியது, வெளிநாட்டில் பாலம் கட்டியது என்று பெரிய விஷயங்களைப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். நான் 2009இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில், டிசைன் பிரிவில் வேலை. செயலாளர் அண்ணன் போன் போட்டு, "நீ படம் வரைஞ்சு எக்ஸிபிஷன் எல்லாம் வைக்கிறியாமே, அதைப் பத்திப் பேசு" என்றார். "அண்ணா, நான் ஞாயித்துக்கிழமை ஓவியன்ங்க" என்றேன். "நம்ம பங்ஷனும் ஞாயித்துக்கிழமைதான், வந்துடு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியன் என்பது ஒன்றும் புதிதல்ல. பாரீஸில் ஹென்றி ரூஸோ என்பவர் சுங்கச் சாவடியில் வரி வசூலித்துக் கொண்டே படம் வரைந்தார். தேர்வுக் குழு என்று ஒன்று இல்லாத, யார் வேண்டுமானாலும் படம் மாட்டலாம் என்ற கண்காட்சியில் 1886 முதல் படங்களை வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் பாட்டுக்கு வரைந்து கொண்டிருந்தார். இன்று அவர் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் பஞ்சாலைத் தொழில்நுட்பம் படித்தவர். 'சிட்ரா' என்கிற தென்னிந்தியப் பஞ்சாலை ஆராய்ச்சிக் கழகத்தை வளர்த்தெடுத்த இயக்குநர். அவரே ஓவியமும் வரைந்தார், நாவலும் எழுதினார். நூலும் தூரிகையும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

இன்னொருவர், 1911இல் கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அந்த ஓவியர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கி வாழ்ந்தார்கள். ஓவியம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை இருந்தால், வாங்குகிறவர் சொல்கிற மாதிரிதான் வரைய வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பாத்திக் செய்ததை, எனக்கு என் மாதச் சம்பளம் செய்கிறது. அதனால் வேலையை ஓவியத்துக்கு எதிரி என்று நான் நினைப்பதில்லை.

எங்கள் ஊரில் ஒரு சிறு குழு இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உக்கடம் குளத்தங்கரையிலோ, டவுன்ஹால் பக்கமோ, பேரூரிலோ கூடுவோம். அதில் ஒரு பல் டாக்டர், இரண்டு இல்லத்தரசிகள், ஒரு பேங்க் கேஷியர், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் எல்லோரும் உண்டு. இரண்டு மணி நேரம் வரைந்துவிட்டு, படங்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்ப்போம். அந்த வாத்தியார் என் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, கோடெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. படம்தான் மூச்சு விட மாட்டேங்குது" என்றார்.

அதன் பொருளை யோசித்தபோதுதான் நம் படிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. இன்ஜினியரிங் டிராயிங்கில் ஒரு அளவு விட்டுப்போனால் மெஷினில் நிற்கிறவர் தவிப்பார். எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நீர்வண்ணத்திலோ எதை வரையாமல் விடுகிறோம் என்பதில்தான் படமே இருக்கிறது. அதில் வெள்ளை வண்ணம் பூசுவதில்லை; வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். லேத்தில் அதிகமாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது அல்லவா? அதே கணக்குத்தான். அதனால் மெக்கானிக்கல்காரனுக்கு நீர்வண்ணம் பொருந்தும் என்பது என் கட்சி. சிவில் நண்பர்கள் மன்னிக்கவும்.

2017இல் எங்கள் குழுவில் 14 பேர் சேர்ந்து முதல் கண்காட்சி வைத்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால், மூன்று நாள். என் கணக்கைச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக் கொள்ளலாம். எட்டுப் படங்களுக்குச் சட்டம் போட ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் 7,200. ஹால் வாடகையில் என் பங்கு 1,500. ஆக 8,700. விற்றது இரண்டு படம், தலா 2,500. கையை விட்டுப் போனது 3,700. அப்பா கணக்குப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதுக்கு ரெண்டு நாள் ஓவர்டைம் பார்த்திருக்கலாம்ல?" என்றார். அவர் ஃபவுண்டரியில் மோல்டராக 31 வருஷம் வேலை பார்த்தவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் அவரே வந்து, சுவரில் படங்கள் கோணலாக இருப்பதைப் பார்த்து, பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொன்றாக நேராக்கினார். அன்றைக்கு மாட்டக் கற்றுக் கொண்டோம். படத்தின் உச்சியோ அடியோ ஒரே வரிசையில் இருக்க வேண்டியதில்லை. எல்லாப் படங்களின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து சுமார் ஐந்து அடி உயரத்தில் வந்தால் போதும், கண்ணுக்கு உறுத்தாது.

அடுத்தது பெங்களூர். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் 'சித்ரசந்தே' என்று ஓவியச் சந்தை நடத்துகிறது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, குமாரகிருபா சாலை முழுக்கப் படங்கள். பெரிய ஓவியரும் என்னைப் போன்றவரும் ஒரே நடைபாதையில் உட்கார்ந்திருப்போம். 2020 ஜனவரியில் 20 படங்களோடு போனேன். காலையில் வெயில் எதிரே, மதியம் தலைக்கு மேலே. நல்ல கேலரியில் நின்று பார்ப்பவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், இங்கே, "அண்ணா, இருநூறுக்குத் தருவீங்களா?" என்று தமிழிலேயே கேட்பார்கள். காய்கறிச் சந்தையில் தக்காளி விலை கேட்கிற அதே குரல். முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். கேலரிக்குள் நுழையவே கூச்சப்படுகிற ஒரு குடும்பம் பஞ்சுமிட்டாய் தின்று கொண்டே நூறு ஓவியரைப் பார்த்துவிட்டுப் போகிறதே, இது எவ்வளவு பெரிய காரியம்!

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கோவையில் முதல் பஞ்சாலை 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. எங்கள் பாட்டிமார் சங்கு ஊதினால்தான் மணி சொல்வார்கள். பிறகு ஒவ்வொன்றாக மூடின. 2020 மார்ச் ஊரடங்கில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளும் நின்றன. பல இடங்களில் புகைபோக்கி இடிந்து அடுக்குமாடி எழுந்துவிட்டது. நான் மிச்சமிருந்த கட்டடங்களைத் தெருவில் நின்று வரையத் தொடங்கினேன். 2022இல் அவற்றை மட்டும் ஒரு கண்காட்சியாக வைத்தேன்.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வெயிலுக்கு ஒதுங்க உள்ளே வந்தார். ரம்பப் பல் கூரை போட்ட ஒரு ஆலைப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஏனுங்க தம்பி, இந்தக் கண்ணாடி எல்லாம் ஏன் வடக்கப் பாத்து வெச்சிருக்குதுன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியும், ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். "நேர் வெயில் விழுந்தா சூடு ஏறி நூல் அறுந்து போகுமுங்க. வடக்கு வெளிச்சம் நாள் பூரா ஒரே சீரா இருக்கும். எம்பட ரிங் பிரேம் இந்த மூணாவது பல்லுக்குக் கீழதான் ஓடுச்சு. இருபத்தேழு வருஷமுங்க."

ஓவியர்கள் தங்கள் அறைக்கு வடக்கு ஜன்னல் தேடுவதும் அதே காரணத்துக்குத்தான். நிழல் நகராமல் வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். ஆலைக் கட்டடம் கட்டியவனும் ஓவியனும் ஒரே வெளிச்சத்தைத் தேடியிருக்கிறார்கள் என்று அந்தப் பெரியவர் முன்னால் நின்றபோது உறைத்தது. "இது எத்தனைங்க?" என்றார். 8,000 என்று அட்டையில் எழுதியிருந்தது. படித்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

அன்று மாலையே ஒரு உள் அலங்கார நிபுணர் வந்தார். ஒரு ஹோட்டல் சுவருக்கு அதே படத்தோடு மூன்று படம் வேண்டும், 24,000 தருகிறேன் என்றார். எனக்கு அது ஒரு மாத வீட்டுக் கடன் தவணை. ஆனால் ஆலையில் வேலை பார்த்தவருக்கு எட்டாத படம் ஹோட்டலுக்குப் போவதா என்று மனசு கேட்கவில்லை. வீட்டில் சொன்னேன். என் மனைவி பேங்க்கில் வேலை பார்ப்பவர். "படத்தை வித்தா உரிமையும் போயிடுமா? அதை முதல்ல பாருங்க" என்றார்.

பார்த்தேன். 1957ஆம் வருட நமது பதிப்புரிமைச் சட்டப்படி, நாமாக வரைந்த படத்தை விற்றால் காகிதம்தான் கைமாறுகிறது. எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை நகலெடுக்கும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். ஒருவர் காசு கொடுத்து, சொல்லி வரைய வைத்த படம் என்றால் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அவருடையது. மாணவர்கள் இதை மறக்க வேண்டாம். ஆர்டர் எடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மூன்று படத்தையும் ஸ்கேன் எடுத்துவிட்டு விற்றேன். பச்சை கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார், முடியாது என்றேன். படத்துக்குக் கீழே ஆலையின் பெயரும், வடக்குக் கண்ணாடியின் காரணமும் நாலு வரி எழுதி மாட்ட வேண்டும் என்றேன், ஒப்புக்கொண்டார். பெரியவருக்கு ஒரு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். அவர் தெருவிலேயே ஏழு பேர் கேட்டார்களாம். அடக்க விலை 150 ரூபாய் என்று வைத்து, இதுவரை அறுபதுக்கு மேல் போயிருக்கிறது. கண்காட்சியில் கிடைத்த பாராட்டுக்களில் அந்த அறுபது வீட்டுச் சுவர்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் ஓவியம் சர்வதேசக் கண்காட்சிக்குத் தேர்வாகியுள்ளது, கட்டணம் இவ்வளவு" என்று நமக்கு அழைப்பு வரும். நாம் விண்ணப்பிக்கவே இல்லையே, எப்படித் தேர்வானது? எனக்கும் வந்தது. யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த ஹால், போன வருஷம் யார் படம் வைத்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டேன். பதிலே இல்லை, நானும் விட்டுவிட்டேன். வாடகையைப் பகிர்ந்து கொள்வது வேறு, சான்றிதழுக்குக் காசு கட்டுவது வேறு.

தம்பி தங்கைகளே, கேட் படிப்பு, பிளேஸ்மெண்ட் என்று உங்களுக்கு ஆயிரம் கவலை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிறீர்கள், நல்லதுதான். நானும் அதில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் பென்சிலால் ஒரு பொருளைப் பார்த்து அரைமணி நேரம் வரைந்தால், அதை வேறு எப்படியும் பார்த்திராத அளவுக்குப் பார்த்திருப்பீர்கள். நம் கல்லூரி ஒர்க்ஷாப் கட்டடம் இன்னும் இருக்கிறது. புதிய கட்டடம் வரப் போகிறது என்று கேள்விப்பட்டேன். வரட்டும். அதற்கு முன் பத்துப் பேர் உட்கார்ந்து அதை வரைந்துவிடுங்கள். அடுத்த கூடலில் இந்த வராந்தாவிலேயே மாட்டுவோம். சட்டம் போடும் செலவு என்னுடையது, ரசமட்டம் அப்பாவுடையது.